போல்ட் இறுக்குக்கா

வாக்குமூலம் தருபவர்: எல்லோராலும் 'ஊசியக்கா' என்று அழைக்கப்படுபவர் (சொந்தப் பெயர் இணைப்பிலுள்ள அடையாள அட்டை நகலில் உள்ளது). வயது: ஐம்பத்தொன்று. தொழில்: வாகன சீட்டுகளுக்கு உறை தைத்தல். முகவரி: கதவு எண் பதினொன்று, கீழ்த்தளம், ஏழாவது குறுக்குத் தெரு, பழைய ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்புறம்.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து, முன் அறையில் இரண்டு மெஷின்கள் போட்டுத் தொழில் செய்து வருகிறேன். மாடியில் என் உடன்பிறந்த தம்பி தன் மனைவியுடன் குடியிருந்து வருகிறான். அவனுக்கு வயது நாற்பத்து நான்கு. பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டி வருகிறான். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவன் ஓட்டிய வண்டி ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்தது கிடையாது. இந்த இடத்தில் எழுத்தர், "அதெல்லாம் வேணாம்மா, சம்பவத்துக்கு வாங்க" என்று சொன்னார். அதுவும் சம்பவத்தைச் சேர்ந்ததுதான், அவனுடைய லைசென்ஸ் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று நான் சொன்னதன் பேரில் எழுதப்பட்டது.

இந்த வாக்குமூலம் கொடுப்பதற்காக நான் நிலையத்துக்கு வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஐயா வெளியே போயிருக்கிறார் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை, "உங்க தம்பியே தப்பை ஒத்துக்கிட்டாரு, நீங்க எதுக்கும்மா நடுவுல வர்றீங்க?" என்று கேட்டார்கள். இன்று காலை ஒன்பது மணிக்கு, கையில் தைக்க வேண்டிய இரண்டு உறைகளையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுதி முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று சொன்னேன். ஒரு உறை தைத்து முடிந்தபோது உதவி ஆய்வாளர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

சம்பந்தப்பட்ட வாகனம் கடையில் வாங்கியது அல்ல. பாகம் பாகமாகப் பதினேழு பெட்டிகளில் வந்து, வாங்கியவர்களே கூட்டிச் சேர்க்க வேண்டிய கார். அதற்குக் கிட் கார் என்று பெயர், எங்கள் தெருவில் பெட்டி வண்டி என்பார்கள். நானும் தம்பியும் நான்கு வருடம் ஓய்வு நாட்களில் உட்கார்ந்து அதைச் சேர்த்தோம். இரும்பு வேலை அவன், சீட்டும் மேல்கூரையும் தரைப் பாயும் நான், போல்ட்டுகள் இரண்டு பேரும். முறைப்படி பதிவு செய்து எண் வாங்கியிருக்கிறோம். தம்பி மனைவி மட்டும், "அண்ணி, இதுல நான் ஏறணும்னா முதல்ல எனக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதன் பின்பு அவளும் ஏறினாள்.

சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு ஸ்டியரிங் சக்கரத்தில் ஆட்டம் இருப்பதை நான்தான் கவனித்தேன். சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் டக் டக் என்று சத்தம் வந்தது. நாள் முழுக்க மெஷின் சத்தம் கேட்கிற காது எனக்கு, தேய்ந்த பேரிங் பேசினால் தெரிந்துவிடும். தம்பி முதலில், "ஓடுற வண்டின்னா நாலு சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றான். அதன் பின்பு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்டியரிங் தண்டை மேல் முனையில் தாங்குகிற பேரிங் தேய்ந்து, குண்டுகள் உள்ளே கலகலவென்று உருண்டன. வண்டியின் பெட்டிகளை விற்ற கம்பெனி மூடிப் போய்விட்டதால் அதே பேரிங் கிடைக்கவில்லை. அதன் பின்பு நான் அளவு எடுத்துப் பார்த்ததில், உள்ளே இருபது மில்லி, வெளியே நாற்பத்திரண்டு மில்லி, என் பெரிய மெஷினின் மோட்டாரில் இருக்கும் பேரிங்கும் அதே அளவு. புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

தையல் மெஷின் பேரிங்கைப் போட்டதால்தான் விபத்து என்று ஒரு பேச்சு இந்த நிலையத்தில் ஓடியதாக அறிகிறேன். அது தவறு. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்த அன்று நான் அவரிடம், "என் மோட்டார்ல இது ஒரு நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துக்கு மேல சுத்தும் சார், உங்க ஸ்டியரிங் ஒரு நாள் பூரா எத்தனை சுத்து சுத்தும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார், பிறகு பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக்கொடுத்தார். குற்றம் பேரிங்கில் இல்லை. அதை மாற்றுவதற்காகக் கழற்றிய போல்ட்டில் இருக்கிறது.

சம்பவத்துக்குப் பதினோரு நாள் முன்பு, தம்பியின் ஓய்வு நாளில், பகல் சுமார் பதினொன்றரை மணிக்கு எங்கள் வீட்டு முன் வெளியில் வேலையை ஆரம்பித்தோம். ஸ்டியரிங் தண்டு இரண்டு துண்டாக இருக்கும். மேல் துண்டும் கீழ்த் துண்டும் சேருமிடத்தில் ஒரு ஜாயின்ட், அதைக் கவ்விப் பிடிக்க ஒரே ஒரு போல்ட். அந்த ஜாயின்ட் பிரேக் பெடலுக்கு மேலே, உள்ளே ஒளிந்த மாதிரி இருக்கிறது. சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு, தலையைப் பெடலுக்குப் பக்கத்தில் கொடுத்துத் தலைகீழாகப் படுத்தால்தான் கை எட்டும். தம்பியின் தோள் அகலத்துக்கு அங்கே போகவே போகாது. ஆகையால் வண்டி கட்டிய நாளிலிருந்து அந்தப் போல்ட் என் வேலை.

நான் போல்ட்டைக் கழற்றினேன். தம்பி மேல் தண்டை உருவினான். அதன் பின்பு பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, அது உட்காரும் குழியைத் துடைத்து, புது பேரிங்கை மரத்துண்டு வைத்துத் தட்டி உட்காரவைத்து, தண்டை மறுபடி சொருகினோம். அதன் பின்பு நான் தலைகீழாகப் படுத்து போல்ட்டை நுழைத்து, நட்டை விரலால் மட்டும் திருகினேன். முன் சக்கரங்களும் ஸ்டியரிங்கும் நேராக வந்த பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும் என்பது முறை. நேராக்குவதற்குத் தம்பி வண்டிக்குக் கீழே போய் மல்லாந்து படுத்தான். வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கீழே அவன் கழற்றிவைத்திருந்த மண்தடுப்புத் தகட்டின் போல்ட் ஒன்று கை தவறி உருண்டு ஓடியது. அவன் திட்டிக்கொண்டே தேடினான். நான், "கிடைச்சுதாடா?" என்று கேட்டேன். "இருக்கா" என்றான், அதாவது பொறு அக்கா என்றான். நேரம் போனது. என் முகத்துக்கு ரத்தம் இறங்கி, கண் பிதுங்கி, கழுத்து பிடித்துக்கொண்டது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் அறுக்கும் மெஷினைப் போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே கீழிருந்து தம்பி கத்திய சொற்கள் பின்வருமாறு:

"போல்ட் இறுக்குக்கா!"

அவன் சொன்னது, சக்கரம் நேராகிவிட்டது, போல்ட்டை இறுக்கு அக்கா என்று. நான் கேட்டது, தொலைந்த போல்ட் இருக்கு அக்கா, கிடைத்துவிட்டது என்று. எங்கள் வீட்டில் இடையின ருவும் வல்லின றுவும் வாய்க்கு ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருமே இதற்காக முட்டியில் அடி வாங்கியிருக்கிறோம். அடி வாங்கியும் புத்தி வரவில்லை.

நான், "சரிடா" என்றேன்.

அந்த "சரிடா" என் வாயிலிருந்து வந்தது. அதைக் கேட்டு, அக்கா இறுக்கிவிட்டாள் என்று அவன் நினைத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் கிழிந்த ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "யாருங்க இருக்கீங்க?" என்று குரல் கொடுத்தார். நான் வண்டியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து அவரைக் கவனிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது தம்பி ஸ்டியரிங் சக்கரத்தை மாட்டி, வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சத்தமே இல்லக்கா, வெண்ணெய் மாதிரி திரும்புது" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இறுக்கிய போல்ட் ஒவ்வொன்றிலும் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். கோடு இல்லாத போல்ட்டை நம்பக் கூடாது என்று அந்தச் சட்டம் போட்டவளே நான்தான். அன்று நான் அந்தப் போல்ட்டில் கோடு போடவில்லை. போய்ப் பார்க்கவும் இல்லை. தம்பி ஏன் பார்க்கவில்லை என்று உதவி ஆய்வாளர் கேட்டார். அவன் தலை அந்த இடத்தில் நுழையாது என்பது ஒன்று. நான்கு வருடத்தில் என் கை பட்ட வேலையை அவன் ஒரு தடவைகூடத் திரும்பச் சோதித்தது கிடையாது என்பது இன்னொன்று.

சம்பவத்தன்று காலை சுமார் எட்டே கால் மணிக்கு, தைத்து முடித்த இரண்டு சீட்டுகளை ஒரு வாடிக்கையாளரிடம் சேர்க்க நானும் தம்பியும் பெட்டி வண்டியில் கிளம்பினோம். ஒரு சீட்டு என் மடியில் இருந்தது. தபால் நிலையத்துக்கு முந்தின வளைவில் வண்டி மெதுவாக, ஆள் ஓடுகிற வேகத்தில் திரும்பியது. தம்பி சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்தான். சக்கரம் அவன் கையில் சும்மா சுற்றியது. "அக்கா, திரும்ப மாட்டேங்குது" என்று சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னான். சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதித்து, கை பிரேக்கையும் இழுத்தான். வண்டி இழுத்துக்கொண்டுபோய், ஓரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த தபால்காரரை இடித்துச் சுவரில் நின்றது.

தம்பிக்கு நெற்றியில் அடி. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அதைத் துடைக்காமல் இறங்கிப்போய் ரோட்டில் உட்கார்ந்து, தபால்காரரின் உடைந்த காலை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்துக்கொண்டே இருந்தான். நான் ரோடு முழுக்கச் சிதறிய கடிதங்களைப் பொறுக்கினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எழுபத்தாறு கடிதங்கள், ஒன்றில் மட்டும் எண்ணெய்க் கறை. அதன் பின்பு மருத்துவமனையில் தபால்காரரைப் பார்த்தேன். அவர், "வண்டி மெதுவாத்தாம்மா வந்துச்சு. ஆனா இருக்கிற தெருவெல்லாம் விட்டுட்டு என்னையே தேடி வந்துச்சு" என்றார். அவர் சிரித்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள், இந்த நிலையத்தின் பின்வெளியில் நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து வாடிக்கையாளரின் சீட்டுகளை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். எடுக்கும்போது நான் தைத்துப் போட்ட தரைப் பாயைத் தூக்கினேன். அதன் அடியில் போல்ட்டும் தனியாக நட்டும் கிடந்தன. பதினோரு நாள் ஓட்டத்தில் நட்டு கழன்று, போல்ட் விழுந்து, தண்டு தனியாகப் பிரிந்திருக்கிறது. போல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சாக்கட்டிக் கோடு இல்லை. அன்று தம்பி கத்தியது இறுக்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, என் பை திறந்துதான் இருந்தது. இதை ஏன் எழுத வேண்டும் என்று எழுத்தர் கேட்டார். எடுத்துப் போட்டுக்கொள்ள எனக்கும் ஆசை வந்தது என்பது பதிவாக வேண்டும் என்று சொன்னேன். அதன் பின்பு போல்ட்டையும் நட்டையும் இந்த நிலைய ஆய்வாளரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கினேன்.

அதன் பின்புதான் தம்பி ஏற்கெனவே கொடுத்த வாக்குமூலத்தின் நகல், அவனுக்காக வந்த வக்கீல் மூலம் என் கைக்கு வந்தது. அதில் அவன் சொன்னதாக உள்ள வரி: "வேலையின்போது என் அக்காவிடம் 'போல்ட் இருக்குக்கா' என்று சொன்னேன். அவர் சரி என்றார்." இடையின ரு. படித்தவுடன் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறுக்கு என்பது கட்டளை, செய்யாதது என் தவறு. இருக்கு என்பது, ஸ்டியரிங் போல்ட் சரியாக இருக்கிறது என்ற உறுதிமொழி, சரியாக இல்லாததை இருக்கு என்று சொல்லி என்னை நம்பவைத்தது அவன் தவறு. ஒரு எழுத்து இடம் மாறியதில் என் தலையிலிருந்த குற்றம் தம்பி தலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

நகலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தம்பி கட்டுப்போட்ட நெற்றியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் சோப்பு உறையின் பின்பக்கத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் தூக்கி எறிவான்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிச்சியா?" என்று கேட்டேன்.

"படிச்சேன்."

"இந்த ரு உன் கண்ணுல படல?"

அவன் சுவரைப் பார்த்தான். "சரியாத்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டும் விடுக்கா" என்றான்.

"எந்த ரு போட்டு இருக்கட்டும்?" என்று கேட்டேன்.

கதவருகே நின்ற தம்பி மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடவேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. "முழுப் பூசணிக்காயை ஒரு ருவுக்குள்ள மறைக்கப் பாக்கறியா? நீ தலைகீழா நின்னாலும் நடக்காது. தலைகீழா நிக்கிற வேலை என்னோடது" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

இன்று மேற்படி விவரங்களை உதவி ஆய்வாளரிடம் சொன்னபோது, தம்பியின் பேச்சைத் தன் காதால் கேட்டுத்தான் எழுதியதாக எழுத்தர் சொன்னார். உதவி ஆய்வாளரும், "ஒரு எழுத்துக்காகவா இப்படி மல்லுக்கு நிக்கிறீங்க?" என்றார். அதன் பின்பு நான் அவர்களைப் பின்வெளியில் நிற்கும் வண்டிக்கு அழைத்துப் போனேன். ஒரு காவலரை வண்டிக்குக் கீழே, தம்பி படுத்த மாதிரியே படுக்கச் சொன்னேன். நல்ல மனிதர், சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். நான் உள்ளே தலைகீழாகப் படுத்து, ஜாயின்ட்டில் என் ஸ்பேனரைத் தொட்டுக்கொண்டு, "இந்த எடம் தெரியுதா சார்?" என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியலம்மா, தகரம்தான் தெரியுது" என்று அவர் கீழிருந்து சொன்னார். கண்ணுக்கே தெரியாத போல்ட்டை என் தம்பி எப்படி இருக்கு என்று சொல்லியிருப்பான் என்று கேட்டேன்.

அதன் பின்பு ஒரு துண்டுத் தாளில் இரண்டு சொற்களை எழுதி, மடித்து, கீழே இருந்த காவலரிடம் மட்டும் கொடுத்து, உரக்கக் கத்தச் சொன்னேன். எழுத்தரை வண்டிக் கதவோரம் நின்று, காதில் விழுவதை எழுதச் சொன்னேன். காவலர் கத்தினார். எழுத்தர் எழுதினார். இரண்டு தாள்களையும் உதவி ஆய்வாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்தது, போல்ட் இறுக்கு. எழுத்தர் எழுதியிருந்தது, போல்ட் இருக்கு. எழுத்தர் முகம் சிவந்துவிட்டது. நான் அவரிடம், "நீங்க தப்பா எழுதல சார். எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் விழுந்துச்சு" என்று சொன்னேன். உதவி ஆய்வாளர் இரண்டு தாள்களையும் மடித்துக்கொண்டு, "உள்ள வாங்கம்மா, எழுதிக்கலாம்" என்றார்.

என் தம்பி வேகமாக ஓட்டவில்லை, கவனக்குறைவாக ஓட்டவில்லை. இறுக்கச் சொன்னது அவன். இறுக்காமல் விட்டதும், கோடு போடாமல் விட்டதும், சரி என்று வாயால் சொன்னதும் நான். இதற்கு என் மேல் என்ன வழக்கு வந்தாலும் வரட்டும், நின்று பதில் சொல்கிறேன். தபால்காரர் எழுந்து நடக்கும்வரை அவர் வீட்டுக்கு வேண்டியதைச் செய்வது என் பொறுப்பு. அவன் லைசென்ஸ் மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

இதில் எழுதியிருப்பது நான் என் கண்ணால் பார்த்தது, காதால் தவறாகக் கேட்டது, கையால் செய்யாமல் விட்டது மட்டுமே. யாரும் சொல்லிக்கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. எழுத்தர் படித்துக்காட்டினார். காதை நம்ப மாட்டேன் என்று கேட்டு வாங்கி, நானே ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். மூன்று இடங்களில் 'இறுக்கு' என்பது 'இருக்கு' என்று இருந்தது. மூன்றையும் என் கையாலேயே அடித்து, வல்லின று போட்டுத் திருத்தி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். இது உண்மை.

(கையொப்பம்)

பதிவு செய்த அலுவலரின் குறிப்பு: மேற்படி பெண்மணியின் தம்பியை நாளை காலை பத்து மணிக்கு மறு வாக்குமூலத்துக்கு வரச் சொல்லித் தகவல் கொடுக்கப்பட்டது. அவர் இதே நேரத்தில் நிலைய வாசலில் நின்று, "அக்கா சொல்றத எழுதாதீங்க சார்" என்று சத்தமிட்டது பதிவு செய்யப்படுகிறது. கையொப்பத்தின் குறுக்கே காணப்படும் வெள்ளைக் கோடு அழித்தல் அல்ல. வாக்குமூலம் தந்தவர் தம் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்துத் தாமாகப் போட்டது.